சாமி சொல்லாத வாக்கியம்

மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்தில் குருவைவிட சிஷ்யர் வயதில் மூத்தவர். சிவசைலம் வாத்தியார் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. அதனால் வெள்ளைக்காரர்கள் வந்தால் மொழிபெயர்க்க நடுவில் வாத்தியார்தான் உட்காருவார்.

வாத்தியாருக்கு வினையடை என்றால் உயிர். வெறுமனே 'கம்' என்று சொன்னால் அவருக்கு நாக்கு நமநமக்கும். ஸ்லோலி, ட்ரூலி, ஷ்யூர்லி என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால்தான் வாக்கியத்துக்குக் களை வரும் என்பார். குருவோ உப்பில்லாத கஞ்சி மாதிரிப் பேசுகிறவர். "ஆமாம்." "இல்லை." "சாப்பிடுங்க." இதை அப்படியே சொன்னால் கடல் தாண்டி வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? வாத்தியார் தாளித்துத்தான் பரிமாறுவார்.

அன்று காலையில் வந்த அம்மாவைப் பார்த்ததும் வாத்தியாரின் முகம் மலர்ந்தது. போன வருஷம் வந்த இங்க்ரிட். அவருடைய ஒரே மகன் மீன்பிடிப் படகில் போனவன், திரும்பவில்லை. "அவன் வருவானா?" என்று குருவிடம் கேட்டு அழுதவர், பதிலைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஊருக்குக் கிளம்பிப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்து வாத்தியார் ரொம்ப நாள் பூரித்துப் போயிருந்தார்.

இங்க்ரிட் பாயின் ஓரத்தில் ஒரு கம்பளிச் சட்டையை வைத்தார். புதிதாகப் பின்னியது. பிறகு வாத்தியாரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"இது என் மகனுக்கு. சுவாமி தொட்டுத் தர வேண்டும். சர்ச் தோட்டத்தில் அவன் பெயருக்கு ஒரு நினைவுக்கல் நடலாம் என்றார் என் கணவர். நான் விடவில்லை. வரப்போகிற பிள்ளைக்குக் கல் எதற்கு? தினமும் சண்டை. கடைசியில் அவர் வீட்டை விட்டே போய்விட்டார். போகட்டும். நான் வாசற்கதவைப் பூட்டுவதில்லை. மேஜையில் இரண்டு தட்டு வைக்கிறேன். ஹி வில் ஷ்யூர்லி கம். சுவாமியின் வாக்கு அல்லவா?"

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாக்கியத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். பெற்றவருக்குப் பிள்ளையைத் தெரியாதா?

"அம்மா என்ன சொல்றாங்க, வாத்தியாரே?" என்று கேட்டார் குரு.

"சௌக்கியமா இருக்காங்களாம், சாமி."

குரு இங்க்ரிட்டின் கைகளைப் பார்த்தார். சட்டையைத் தடவிக்கொண்டிருந்த விரல்கள் நடுங்கின.

"சௌக்கியமா இருக்கிறவங்க கை இப்படியா இருக்கும்?"

வாத்தியாரால் அதற்கு மேல் தாளிக்க முடியவில்லை. கல்லையும் கதவையும் தட்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

குருவின் முகம் வெளுத்துவிட்டது. பாம்பு குறுக்கே போனபோதுகூடச் சும்மா இருந்த மனுஷர். அவருக்கும் அதிர்ச்சி என்று ஒன்று உண்டு என்பதை வாத்தியார் அன்றுதான் பார்த்தார்.

"போன வருஷம் நான் என்ன சொன்னேன்?"

"எனக்குத் தெரியாதும்மான்னு சொன்னீங்க."

"நீங்க?"

"அவன் நிச்சயமா வருவான்னு சொன்னேன்."

'எனக்கு' இருந்த இடத்தில் 'அவன்.' 'தெரியாது' இருந்த இடத்தில் 'வருவான்.' எங்குமே இல்லாத ஒரு 'நிச்சயமாக.' வாயிலிருந்து வரும்போது எவ்வளவு இலகுவாக இருந்தது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி கொடுக்காத வரத்தைப் பூசாரி வாரிக் கொடுத்திருந்தார்.

"ஆறுதலுக்குத்தான் சாமி சொன்னேன். அவ்வளவு தூரம் வந்தவங்களைத் தெரியாதுன்னு சொல்லி அனுப்ப மனசு வரலை."

குரு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாதுங்கிறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?"

"ஐ டோன்ட் நோ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சாமி."

"இதுல உங்களுக்கு என்ன கஷ்டம் இருந்துச்சு?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். குரு அந்த வார்த்தைகளை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு இங்க்ரிட்டின் பக்கம் திரும்பி, கை கூப்பிச் சொன்னார்.

"ஐ டோன்ட் நோ, அம்மா."

இங்க்ரிட்டுக்கு விளங்கவில்லை. குருவைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார்.

"எதைத் தெரியாது என்கிறார்? என் மகன் வருவதையா? போன வருஷம் அவர்தானே சொன்னார்?"

வாத்தியாரின் நாக்கு நுனிக்கு ஒரு வினையடை வந்து நின்றது. 'இன்னும்.' இன்னும் தெரியவில்லை, அதைத்தான் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். இந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். அங்கே தட்டுகள் மேஜையில் இருக்கும். கதவு திறந்தே கிடக்கும்.

அதை விழுங்கினார். விழுங்கவும் வலித்தது.

"அவர் சொல்லவில்லை," என்றார். "ஐ செட் இட்."

இங்க்ரிட் பேயறைந்தது போல எழுந்து நின்றார். அவர் கை மேலே எழுந்தது. அடித்துவிட்டால் தேவலை என்று வாத்தியார் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை அவர் பக்கம் வரவே இல்லை. கீழே இறங்கிக் கம்பளிச் சட்டையை எடுத்தது. சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு இங்க்ரிட் அலறிய அலறலில் ஆசிரமத்துச் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

குரு பாயில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார். இங்க்ரிட் அங்கே உட்கார்ந்தார். குரு ஒன்றும் பேசவில்லை. அழுகையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. சமையல்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வெயில் முற்றத்துக்கு வந்தது. அழுகை கொஞ்சம் கொஞ்சமாக வெறும் விக்கலானது.

வாத்தியாரால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

"சாமி, ஏதாவது சொல்லுங்க. ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே சொல்லிடறேன்."

"சொல்றதுக்கு ஒன்னும் இல்லை."

"தெரியாதுன்னு மட்டும் சொல்லி எப்படி சாமி அனுப்புறது?"

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்கே அனுப்பினேன், வாத்தியாரே? போன வருஷமும் தெரியாதுன்னு சொல்லிட்டு, இதே மாதிரி நகர்ந்து இடம் விட்டேன். உட்காருறதுக்குள்ள நீங்க ஊருக்கு அனுப்பிட்டீங்க."