பாதி காய்ந்த வடகம்

காவி கேட்டு வருகிற எவரிடமும் மடத்துத் தலைவி தாயம்மை ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"எதை விடப் போகிறீர்?"

ஒருவர் வீடு என்பார். ஒருவர் வியாபாரம் என்பார். புகையிலை என்று சொன்னவரும் உண்டு. சொன்னதைக் கொண்டுவந்து எதிரே வைக்கச் சொல்வாள் அம்மை. வைத்ததைக் கண் நிறையப் பார்க்கச் சொல்வாள். அதற்குப் பிறகும் விட முடிந்தவருக்குக் காவித் துணி. முடியாதவருக்கு வயிறு நிறையச் சோறு, பஸ் ஏறும் இடம் வரை துணை. அந்த மலையடி மடத்தில் அதுதான் வழக்கம்.

சீனியப்பன் மட்டும் வேறு மாதிரி பதில் சொன்னான்.

"விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, அம்மை. எல்லாம் தானாகவே போய்விட்டது."

சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அம்மை கூப்பவில்லை. அவனுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

சீனியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மையைவிட மூத்தவன். பஞ்சு மில்லில் வேலை பார்த்தவன். அதைவிட, மில் வாசலில் நின்று பேசியவன். அவன் பேச ஆரம்பித்தால் ஷிஃப்ட் முடிந்தவன் வீட்டுக்குப் போகமாட்டான், ஷிஃப்ட்டுக்கு வந்தவன் உள்ளே போகமாட்டான். கடைசி வேலைநிறுத்தத்தில் அவன் தோற்றான். எதிரி ஜெயித்ததைத் தாங்கிக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்களே இருட்டோடு இருட்டாகச் சுவரேறிக் குதித்து வேலைக்குப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு மில்லும் மூடியது. சங்க அலுவலகத்தில் யாரோ சிமெண்டு மூட்டை அடுக்கினார்கள். ஒரு காலத்தில் மடங்களையெல்லாம் இழுத்துப் பூட்டச் சொல்லித் துண்டறிக்கை போட்டவன், ஒரு துணிப்பையோடு இந்த மடத்துக்கு வந்து நின்றான்.

வந்தவன் குகையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மடத்தை நிறுவிய பெரியவர் உட்கார்ந்த குகை. நடுப்பகலில்கூடத் தீக்குச்சி உரசினால்தான் கை தெரியும். விடியுமுன் குளிக்க வெளியே வருவான், விடிந்ததும் உள்ளே போய்விடுவான். மழைக்காலம் போனது. பனியும் போனது.

முதலில் பசி போனது. அப்புறம் தூக்கம். அச்சகத்தின் பெயர் வரைக்கும் பத்திரிகை படிக்கிறவனுக்கு ஒரு எழுத்தும் வேண்டாமல் ஆனது. மனைவி ஆவுடையம்மாளின் முகத்தை நினைத்துப் பார்த்தால் வெள்ளையடிக்காத சுவரைப் பார்ப்பது போல இருந்தது. காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. பாவம் எரிகிறபோது உடம்பு கனக்கத்தான் செய்யும் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

"அண்ணாச்சிக்கு வைராக்கியம் முற்றிவிட்டது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான் பொன்னரங்கம். அவன் மடத்தின் மூத்த சீடன். குகை வாசலில் வாழைப்பழங்கள் சேர்ந்தன. விழுந்து கும்பிட்டவர்களும் உண்டு. சீனியப்பனுக்கு அதுவும் இனிக்கவில்லை. இனிக்காததால், தான் உயர்ந்துவிட்டதாக அவன் முடிவு செய்தான்.

அமாவாசை தோறும் ஆவுடையம்மாள் தூக்குச்சட்டியோடு வருவாள். குகைக்கு எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அவன் வெளியே வரமாட்டான். சட்டியைத் திறக்காமலே திரும்பிப் போவாள்.

சித்திரைப் பௌர்ணமியில் காவி என்று பேச்சானது. மனைவி உள்ளவன் காவி வாங்கினால், அவளே அவன் கையில் நீர் வார்த்துவிட்டுப் போக வேண்டும். அதன்பின் அவள் அந்த மடத்துப் படி ஏறக்கூடாது.

"அவர் சாமியாரானா எனக்குச் சந்தோஷந்தான், அம்மை" என்றாள் ஆவுடையம்மாள். "ஆனா சாமியார் முகத்துல ஒரு களை இருக்கும்பாங்க. இவர் முகம், மில்லைப் பூட்டின அன்னைக்கு அந்தப் பெரிய கேட்டு இருந்துச்சே, அப்படில்லா இருக்கு."

அம்மை அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே தாலுகா ஆஸ்பத்திரி டாக்டரை வரவழைத்தாள். டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் போனார். திரும்பி வந்து சொன்னார்.

"மூட்டில் மட்டும் இல்லை, ரத்தத்திலேயே அழற்சி தெரிகிறது. அழற்சி இருக்கிறவங்க சிலருக்கு மனசும் சேர்ந்து அமுங்கிப் போகும். மாத்திரை தருகிறேன், விடாமல் சாப்பிடுங்க. ஆமாம், நீங்க வெயிலைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

சீனியப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"டாக்டர் உடம்பைப் பேசுகிறார், அம்மை. நான் ஆத்மாவைப் பேசுகிறேன்."

"இரண்டும் ஒரே வேட்டியைத்தானே கட்டியிருக்கு?" என்றாள் அம்மை. "மாத்திரையை வாங்கிக்கொள்ளும்."

வாங்கிக்கொண்டான்.

"காவி?"

"தருகிறேன். அதற்கு முன்னால் மடத்துக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். வருஷத்துக்கான வடகம் ஊற்றுகிறோம். காக்காய்க் காவலுக்கு ஆள் இல்லை."

பொன்னரங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"அண்ணாச்சியையா காக்கா விரட்டச் சொல்றீங்க? ஊரே வந்து கும்பிடுது!"

"காக்காய் கும்பிடாது. அதனால்தான் அவர் வேண்டும்."

மறுநாள் காலை, பாறை மேல் நனைத்த வேட்டிகளை விரித்து அரிசிக் கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். சீனியப்பன் வந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை, நீர் வழிந்தது. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தான்.

அம்மை அதை வாங்கி விரித்தாள். வடகத்துக்கு நடுவே கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

"காக்காய்க்குக் கறுப்புக் குடையைக் கண்டால்தான் பயம். உம்மைக் கண்டால் இல்லை."

"அப்படியானால் குடையே போதுமே. நான் எதற்கு?"

"குடை நகராதே. இரண்டு நாளில் அதுகளுக்குத் தெரிந்துவிடும்."

அவன் வெயிலில் உட்கார்ந்தான். உச்சிப்பொழுது ஏறியதும் அம்மையே குரல் கொடுத்தாள். "இந்த வெயிலுக்குக் காக்காயே வராது. உள்ளே வந்து மோர் குடியும்." வெயில் தாழ்ந்ததும் மறுபடி அனுப்பினாள்.

இரண்டு நாள் ஆகவில்லை. முதல் நாள் சாயந்திரமே காக்காய்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று குடை உச்சியிலேயே வந்து உட்கார்ந்தது. சீனியப்பன் குச்சியை ஆட்டினான். அது தலையைச் சாய்த்து அவனைப் பார்த்துவிட்டு, இறங்கி ஒரு வடகத்தைக் கொத்தியது. அவன் எழுந்திருப்பதற்குள் அடுத்ததைக் கொத்தியது.

ஒரு நாள் காலை, சமையலறையில் இருந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"ஏ கருங்காலி! கூட நின்னு கோஷம் போட்டுட்டு, கண்ணசந்தா உள்ள நுழையற பயலே! ஊரான் உழைப்புன்னா அவ்வளவு இளக்காரமாலே உனக்கு? ஓடுலே வெளியே!"

மலையில் பட்டுத் திரும்பியது அந்தக் குரல். வேப்ப மரம், புளிய மரம் எல்லாவற்றிலிருந்தும் காக்காய்கள் எழுந்து பறந்தன. சீனியப்பன் பாறை மேல் நின்றுகொண்டிருந்தான், கை உயர்த்தி, ஆயிரம் பேர் எதிரே நிற்பது போல. பொன்னரங்கம் வாயைப் பொத்திக்கொண்டான்.

அன்று சாயந்திரம் சீனியப்பன் தலை குனிந்து அம்மையிடம் வந்தான்.

"எனக்குக் கோபம் வந்துவிட்டது. தவம் கெட்டது."

"வேறு என்ன வந்தது?"

"பசி வந்தது."

"எவ்வளவு?"

"இரண்டு கரண்டி கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்."

"நாளைக்கும் போய்க் கெடும்" என்றாள் அம்மை.

அவன் போனான். முழங்கால் வீக்கம் ஒரேயடியாக வற்றிவிடவில்லை. சில விடியல்களில் அந்த வெள்ளையடிக்காத சுவர் வந்து எதிரே நின்றது. அப்போதும் எழுந்து போனான். அங்கே அவனுக்கு முன்னால் காக்காய்கள் வந்திருந்தன.

ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரம். ஓரம் மொறுமொறுவென்று காய்ந்து நடு மட்டும் ஈரமாக இருந்த ஒரு வடகத்தைச் சீனியப்பன் பிய்த்து வாயில் போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கே தெரியாது. உப்பு, பச்சை மிளகாய், சீரகம். நாக்கின் இரு பக்கமும் நீர் ஊறியது.

மில் குடியிருப்பின் மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. கல்யாணமான வருஷம். இதே மாதிரி பாதி காய்ந்ததைத் திருடிய அவன் கையில் பனையோலை விசிறியால் ஒரு அடி. அடித்தவள் சிரிக்கிறாள். மூக்குத்தி தெரிந்தது. மிளகாய்க் கை பட்டுச் சிவந்த இடது கண் தெரிந்தது. முகம் முழுதும் தெரிந்தது.

அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே ஒரு வரிசையைத் தின்று தீர்த்தான். பிறகு மற்ற வரிசைகளை நகர்த்திப் பள்ளத்தை மறைத்து வைத்தான்.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. பாறையின் ஒரு பக்கம் கடைசி ஈடு வடகம் காய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம், புங்க மர நிழலில் அம்மை உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த காவி. ஆவுடையம்மாள் நீர்ச் செம்போடு தள்ளி நின்றாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்திருந்தாள்.

சீனியப்பன் ஒவ்வொரு படியாக ஏறி வந்தான்.

"அம்மை, ஒரு திருட்டைச் சொல்ல வேண்டும்."

"சொல்லும்."

"வடகம் தின்றேன்."

"தெரியும். காக்காய் வரிசையாகத் தின்னாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"எப்படி இருந்தது?"

"உறைப்பு கூடுதல். எலுமிச்சை பத்தாது. ஆவுடை போட்டால் இன்னும்..."

நிறுத்திக்கொண்டான்.

"வீட்டுலயும் பாதிதான் டப்பாவுக்கு வரும்" என்றாள் ஆவுடையம்மாள் தரையைப் பார்த்து.

அவன் தொண்டையைச் செருமினான்.

"அம்மை, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என்னைத் தேற்றியது எது? வெயிலா, மாத்திரையா, அந்தக் கோபமா?"

"சோறு வெந்துவிட்டது. எந்த விறகு என்று அடுப்பைக் கிளறவா?"

"இன்னும் சில நாள் மனசுக்குள் ஒரு வெறும் சுவர் வந்து நிற்கிறது."

"வரும். வந்தால் வெளியே வாரும்."

அம்மை காவியை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அன்றைக்கு உம்மிடம் காட்ட ஒன்றும் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. திரும்பிக் கண் நிறையப் பாரும்."

அவன் திரும்பினான்.

ஆவுடையம்மாள் வெயிலில் நின்றாள். செருப்பைப் படியிலேயே விட்டிருந்தாள். பாறை சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றினாள். செம்பிலிருந்த நீர் தளும்பி அவள் பாதத்தில் விழுந்தது. நெற்றி வியர்வையில் குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

"இப்போது சொல்லும்" என்றாள் அம்மை. "எதை விடப் போகிறீர்?"



சீனியப்பன் வடகத்துக்கு நடுவே போனான். கல்லை நகர்த்திக் கறுப்புக் குடையை எடுத்தான். கொண்டுவந்து ஆவுடையம்மாளின் தலைக்கு மேலே பிடித்தான். அவள் செம்பை அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி, அவள் நின்ற இடத்தில் பாறை குளிரும்படி ஊற்றினான்.

காக்காய்கள் கூட்டமாக இறங்கின.

"அண்ணாச்சி! காக்கா! வடகம் அத்தனையும் போச்சு!" என்று பொன்னரங்கம் கத்திக்கொண்டு ஓடினான்.

அம்மை காவியைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"தின்னட்டும், பொன்னரங்கம். அவர் காவல் முடிந்தது."