பல்லி கொடுத்த பேச்சு

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, காக்கை, குருவி எல்லாமே தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தன. காக்கை கத்திப் பேசும். எருமை ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வாய் புல் தின்றுவிடும். நல்ல தமிழ் பேசியது பல்லிதான். தாலாட்டு, ஒப்பாரி, சாமி பாட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே இருந்து கேட்டு வளர்ந்த உயிர் அல்லவா.

கடற்கரை ஊர் ஒன்றில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன் கொம்பையா. நாலு ஊர் பார்த்துப் பிழைக்கட்டும் என்று, பால்பல் விழாத வயதிலேயே அவனைத் தன் தம்பியோடு கப்பலேற்றி அனுப்பினாள். போன கப்பல் வரவில்லை. அப்புறம் அவளோடு பேச, சுவரில் இருந்த பல்லி ஒன்றுதான்.

"யக்கா, விளக்குக்கு எண்ணெய் ஊத்து. பூச்சி வந்தாத்தானே எனக்குச் சாப்பாடு."

"சாமிக்கு ஏத்துற விளக்குடி இது. உன் வயித்துக்கு இல்ல."

"சாமியா பூச்சி வேண்டாங்குறாரு?"

ஆவுடை சிரித்துவிடுவாள். மகனை நினைத்து அவள் அழும்போது மட்டும் பல்லி ஒன்றும் பேசாது. "ச்சு, ச்சு" என்று உச்சுக் கொட்டும். அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம் தாடிக்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். கையில் பழைய ஓலைப்பெட்டி. மகனுக்குப் பொரி போட்டுக் கொடுக்க ஆவுடையே முடைந்த பெட்டி அது.

"ஐயா, கொம்பையா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஏதோ சொன்னான். ஒன்றும் விளங்கவில்லை. மாமன் செத்துப்போக, வேற்றுக் கரையில் வளர்ந்தவனுக்குத் தமிழ் மறந்துபோயிருந்தது.

கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினான். உப்பு குறைவோ என்று உப்புப் போட்டாள். மறுபடி ஆட்டினான். மறுபடி போட்டாள். பிறகு அவன் சூரியன் எழும்புவதுபோலக் கையை உயர்த்தி, கடலைக் காட்டினான். விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் பெற்ற பிள்ளையிடம் என்ன பேச, எப்படிப் பேச?

"யக்கா," என்றது பல்லி. "என் தமிழை இவனுக்குக் குடுத்துரட்டுமா?"

"குடுத்தா உனக்கு?"

"குடுத்த சாமானை யாராவது வீட்டுலயும் வச்சிருப்பாங்களா?"

வேண்டாம் என்று ஆவுடை சொல்லியிருக்கலாம். மகன் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

பல்லி அவன் தோளில் தொப்பென்று விழுந்தது. நாக்கை அவன் காதில் வைத்தது. பேசாமல் சுவரேறிப் போய்விட்டது.

"ஆத்தா, உப்பு போதும்," என்றான் கொம்பையா.

விளக்கில் எண்ணெய் தீருமட்டும் பேசினார்கள். அங்கே அவனுக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள் இருந்தார்கள். "என்னை ஏன் ஆத்தா அனுப்புனே?" என்று கடைசியில் கேட்டான். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தானோ என்னவோ. அவள் என்ன சொன்னாளோ, அவன் அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும், "வருவேன் ஆத்தா," என்று சொல்லிக் கப்பலேறினான்.

அவள் திரும்பி வந்தபோது வீடு ஓசையற்றுக் கிடந்தது. சுவரைப் பார்த்து, "வருவானா?" என்று கேட்டாள்.

பல்லி வாயைத் திறந்தது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. உச்சுக் கொட்டுவது வார்த்தை இல்லையே, அது மட்டும் நாக்கில் தங்கியிருந்தது. "ச்சு, ச்சு."

ஆவுடைக்கு அது 'வருவான்' என்றே கேட்டது. பதில் சொல்ல வாயெடுத்தாள். பேச்சைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பல்லியின் முன்னால் பேச மனசு வரவில்லை. 'கேட்டேன் தாயி' என்பதுபோல, விரலால் தரையை மெல்லத் தட்டினாள்.

மற்ற உயிர்கள் எப்படித் தமிழை விட்டன என்று எனக்குத் தெரியாது. பல்லி கதை இதுதான். அன்று முதல்தான், நாம் ஒன்றைச் சொல்லும்போது பல்லி சத்தம் கொடுத்தால் அது பலிக்கும் என்கிறோம். பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கிற வீடுகளில், அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது ஒருத்தி தனியே உட்கார்ந்து தரையைத் தட்டுகிறாள்.