இலுப்பெண்ணெய் வேண்டுதல்

"இனி கொல்ல மாட்டேன்னு உங்ககிட்ட சத்தியம் பண்ணினதே தப்பு, அம்மா."

சடையன் முன்னாள் வேட்டைக்காரன். தோளில் ஊரார் கொடுத்தனுப்பிய துப்பாக்கி.

குரு பூரணி அம்மை அவனைவிட வயதில் சின்னவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன தப்பு?"

"மலைக்கோயிலுக்குத் தினமும் கரடி வருது. நேத்து பூசாரி முதுகைக் கிழிச்சிடுச்சு. 'நீ சுடு'ன்னு ஊரே வாசல்ல நிக்குது. சுட்டா சத்தியம் போச்சு. சுடாம விட்டு நாளைக்கு ஒரு பிள்ளை செத்தா, அந்தப் பாவம் யாருக்கு? உங்களுக்கா, எனக்கா?"

"நியாயமான கேள்வி."

"நியாயம்னு எனக்கே தெரியும். பதில் சொல்லுங்க."

அம்மை சிரித்தாள்.

"இதுவரைக்கும் ஊர் என்ன செஞ்சுது?"

"கரடி வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டாங்க. வீட்டுக்கு ஒரு விளக்கு. சாமிக்குப் பிடிச்ச இலுப்பெண்ணெய். படி முழுக்க எரியுது."

"கரடி குறைஞ்சுதா?"

"எங்கே? இப்போ குட்டியையும் கூட்டிட்டு வருது."

"ஊர் என்ன சொல்லுது?"

"பக்தி போதலையாம். ஆளுக்கு ரெண்டு விளக்கு ஏத்தணுமாம்."

அம்மை அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.

"நீ வேட்டையாடின காலத்துல கரடியை எப்படி வரவழைப்பே?"

"அது என்ன பெரிய வித்தை? இலுப்பைப் பூவைக் குவிச்சு வச்சா போதும். அந்த வாசனைக்கு எங்கே இருந்தாலும்..."

சடையன் நிறுத்தினான்.

அம்மை கீரையிலிருந்து தலை தூக்கவில்லை.

துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

பொழுது சாயும் நேரம். கோயில் படிகளில் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக ஊதி அணைத்தான். எண்ணெயைத் தூரத்துப் பள்ளத்தில் கொட்டினான். சாம்பல் போட்டுப் படியைத் தேய்த்தான்.

"அடப்பாவி! சாமி விளக்குடா!" பூசாரியின் மனைவி செங்கமலம் அவன் முதுகில் அடித்தாள்.

"அப்புறம் அடிங்க அக்கா. இப்போ உள்ளே வாங்க."

விளக்கேற்ற வந்திருந்த எல்லாரையும் கோயிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். இடுக்கு வழியே பார்த்தார்கள்.

கரடி வந்தது. குட்டியும் வந்தது.

முதல் படியை முகர்ந்தது. சாம்பல் ஏறி ஒரு தும்மல் தும்மியது. வெறும் படியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குட்டியை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

உள்ளே யாரோ அடக்கிவைத்த மூச்சை விட்டார்கள். இன்னொருவருக்குச் சிரிப்பு வந்தது. அது எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது.

செங்கமலம் மட்டும் விடவில்லை.

"அது போச்சு, சரி. சாமி இருட்டுல கிடக்குதேடா!"

"கிடக்கட்டும் அக்கா," என்றான் சடையன். "இன்னைக்காவது தூங்கட்டும்."