கறுப்புப் பெட்டிக்குள் ஒருவர்

அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்தில் இயக்குநர் ஞானசிகாமணி வாயைத் திறந்தால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும். அன்றைக்கு அவரிடம் மாட்டியவள் டெக்னீஷியன் செண்பகவல்லி.

"துளி வெளிச்சத்தையும் கண்டுபிடிச்சு எண்ணுற கருவி இது. கும்மிருட்டுப் பெட்டிக்குள்ள வச்சா சும்மா கிடக்கணும். வெயில்ல நிக்கிற மாதிரி எண்ணித் தள்ளுது! பெட்டியில ஓட்டை விட்டிருக்கே. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா வீட்டுக்குப் போ."

செண்பகவல்லி பெட்டியை இரண்டு கறுப்புப் போர்வையால் சுற்றிப் பார்த்தாள். எண்ணிக்கை இம்மியும் குறையவில்லை. வெளிச்சம் வெளியிலிருந்து வந்தால்தானே குறையும்? கருவியை அணைத்தாள், அறை விளக்கையும் அணைத்தாள், மூடியைத் திறந்தாள். சத்தமில்லாமல் மூடிவிட்டு நேரே இயக்குநரிடம் போனாள்.

"ஓட்டை இல்லீங்க ஐயா. உள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. அவரை எழுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"எவனா இருந்தா என்ன? அவனையும், அவனை அங்கே வச்சவனையும் சேர்த்து வெளியே தள்ளு!" அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கூடமே திரண்டு வந்தது. செண்பகவல்லி விளக்கை அணைத்து மூடியைத் திறந்தாள்.

மூடி திறக்கும்போதெல்லாம் குடித்த வெளிச்சத்தை இருட்டில் உமிழ்ந்தபடி, பெட்டியின் உட்சுவரில் பச்சைப் பசேலென்று ஒளிவிட்டார் ரேடியம் ஸ்டிக்கர் பிள்ளையார். போன வாரம் ஆயுத பூஜையன்று, அத்தனை பேரும் கைதட்ட, இயக்குநரே தம் கையால் ஒட்டியவர்.

இயக்குநரின் பேனா தரையில் விழுந்தது.

"பிள்ளையாரை நான் பத்திரமா எடுத்துட்டுப் போறேன் ஐயா" என்றாள் செண்பகவல்லி. "ஒட்டினவரை யாரு கூட்டிட்டுப் போறது?"