கோரோ இறங்கும் பக்கம்

உப்பளத்து ஊரில் மத்தியானம் என்பது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வெயில் உப்புக் குவியல்மேல் விழுந்து, வெள்ளை வெளேரென்று திரும்பி, ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வெளிச்சத்தில்தான் பிலோமி டீச்சர் வேலை செய்வாள்.

வேலை என்றால், மங்கா என்கிற ஜப்பான் படக்கதையைத் தமிழாக்குகிற வேலை. ‘முகில்வழி’ என்று ஒரு சாகசக் கதை. கோரோ என்கிறவனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் ஒரு கோவேறு கழுதையும், ஒரு நதி பிறக்கிற இடத்தைத் தேடி மலை மலையாய் ஏறுகிறார்கள். தமிழில் மட்டும் இருபத்துநாலு வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நதி கண்ணில் பட்டபாடில்லை. வேறொருவர் தொடங்கியதை டீச்சர் கையில் எடுத்துப் பதினோரு வருஷம்.

டீச்சருக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யருக்கு அறுபத்திரண்டு. சிரிக்க வேண்டாம், கற்றுக்கொடுக்கிறவள்தான் குரு. சிஷ்யர் கஸ்பார் அண்ணாச்சி, துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறித்தே ரிட்டயர் ஆனவர். படத்தில் பேச்சுக்கென்று வெள்ளையாய் விட்டிருக்கும் பலூனுக்குள் தமிழை அழகாய் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாலு மாசத்துக்கு முன்னால் வந்து நின்றார். முதல் புத்தகத்திலிருந்து வாசிக்கிறவர். டீச்சரைவிட அவருக்குத்தான் கதை மனப்பாடம்.

அன்றைக்குக் காலையில் அச்சகத்து முதலாளியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. டீச்சர் அதை ஒருமுறை வாசித்தாள். அப்படியே அண்ணாச்சி பக்கம் தள்ளினாள்.

கடிதம் சின்னது. ‘கதை ரொம்ப நாள் ஓடிவிட்டது. இனியும் இதைப் படிக்கிறவனுக்கு நெஞ்சு பதறுமா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். இல்லையென்றால் தமிழில் இந்தப் புத்தகத்தோடு நிறுத்திவிடுவோம்.’ பதிலுக்கு ஒரு கார்டும் கூட வைத்திருந்தார் மனுஷன்.

“நீங்க எழுதுங்க, அண்ணாச்சி.”

“நானா? பதினோரு வருஷமா இதையே கட்டிக்கிட்டு அழுதது நீங்கல்லா, டீச்சர்?”

“என் பிள்ளையை நானே அழகுன்னு சொன்னா யாரு நம்புவா? நீங்க என்ன எழுதினாலும் அப்படியே அனுப்பிருதேன்.”

அண்ணாச்சிக்குப் பொய் சொல்ல வராது. ஒரு மூட்டை குறைந்தால், குறைந்தது என்றே முப்பத்தைந்து வருஷம் எழுதின கை அது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டீச்சர், உள்ளதைச் சொன்னா வருத்தப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

“எனக்கு இப்ப பயமே வரதில்ல.”

டீச்சர் பேனா நிப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“பத்தாவது புத்தகத்துல கோரோ ஒத்தைக் கயித்துல தொங்கினான்லா? அடுத்த புத்தகம் வர மூணு மாசம். அந்த மூணு மாசமும் எனக்குச் சோறு இறங்கல, டீச்சர். கப்பல்ல மூட்டையைத் தப்பா எண்ணி எல்லாரு முன்னாலயும் ஏச்சு வாங்கினேன். இப்பவும் அவன் தொங்கத்தான் செய்யுதான். நான் பாட்டுக்கு வடையைத் தின்னுக்கிட்டுப் பக்கத்தைத் திருப்புதேன்.”

“ஏன் அப்படி?”

“அவன் சாக மாட்டான், டீச்சர். எண்ணி வச்சிருக்கேன். பதினேழு தடவை விழுந்தான், பதினேழு தடவையும் எந்திரிச்சிட்டான். பனியில பொதைஞ்சான், வந்தான். ஓநாய் இழுத்துட்டுப் போச்சு. அந்த ஓநாய்மேலேயே ஏறி உக்காந்து வந்தான். அவன் செத்தா கதை ஓடாதுன்னு வரையுத ஆளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கழுதைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“வெளையாட்டு இல்ல, டீச்சர். அந்தப் பயம் எனக்கு வேணும். அது இருந்தப்ப நல்லா இருந்துச்சு. சம்பந்தமே இல்லாத ஒருத்தனுக்காகச் சோறு இறங்காமக் கெடந்தேன் பாருங்க, எனக்குள்ள இருந்த அந்த ஆளு எங்க போனான்னே தெரியல.”

டீச்சர் பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அண்ணாச்சி கார்டை நேராக வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதினார். முத்து முத்தான எழுத்து. நாலு மாசப் பயிற்சி வீண்போகவில்லை.

டீச்சர் அதைப் பார்த்தாள். மை காயட்டும் என்று மேஜை ஓரத்தில் வைத்தாள்.

“நாலு மணிக்குத் தபால்காரர் இந்தப் பக்கம் வருவாரு. குடுத்திரலாம்.”

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலாவது அண்ணாச்சிக்கு மனசு ஆறியிருக்கும்.

“கோவமா, டீச்சர்?”

“கோவம் எதுக்கு? வேலை கெடக்கு. கடைசிப் பக்கம் ஒண்ணு பாக்கி. அதை நீங்க எழுதுங்க. எனக்குக் கண்ணைச் சொக்குது.”

இந்த நாலு மாசமும் அண்ணாச்சி கழிவுத் தாளில்தான் எழுதிப் பழகினார். அச்சுக்குப் போகிற பக்கம் ஒன்றைக்கூட டீச்சர் அவர் கையில் கொடுத்தது கிடையாது. முதல் பக்கம் இன்றைக்குத்தான் வருகிறது. வருகிற நாளைப் பாருங்கள்!

பக்கம் முழுக்க ஒரே ஒரு படம். செங்குத்தான பாறை, ஆயிரம் ஆயிரம் மெல்லிய கோடுகளால் இழைத்தது. விளிம்பில் கோரோ, இடுப்பில் கயிறு. முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. கீழே மூடுபனி. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று வரையவில்லை. தோளுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பலூன்.

“என்ன சொல்லுதான், டீச்சர்?”

“ஒரே சொல்லு. ‘போறேன்.’ மூலத்துல உள்ளதை மட்டும் எழுதுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்புறம், எந்தக் காரணத்துக்கும் படத்துல கை வைக்கக் கூடாது. நம்ம தொழிலுக்குச் சத்தியம் அது ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு மேஜைமேல் கையை மடக்கி, அதில் தலையைச் சாய்த்து, டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணாச்சி நிப்பை மையில் தொட்டார். இடம் பார்த்தார். ‘போறேன்’ அந்தப் பலூனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்காரும். ஒரு நிமிஷ வேலை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே உப்பு வெளுத்துக் கிடந்தது. ஜன்னலின் வெள்ளை எங்கே முடிகிறது, படத்தின் பனி எங்கே தொடங்குகிறது என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு மலையைக்கூட நேரில் பார்த்தவர் இல்லை அவர். இருந்தும் பாறையின் ஜில்லிப்பு உள்ளங்கையில் தெரிந்தது. கயிறு உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. விசிறிச் சத்தம்தான், அது அவருக்கும் தெரியும்.

கோரோ திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பிவிட்டவனின் முதுகு அது. இடது தோள்பட்டையில் சட்டை கிழிந்திருந்தது. யாரும் தைத்துக்கொடுக்கவில்லைபோல.

‘போ’ என்று எழுதினார். கை நின்றுவிட்டது.

தெருமுனைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவன்கூட வாசலில் நின்று அப்படிச் சொல்ல மாட்டான். சொன்னால் உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டும். வாய் தவறிச் சொல்லிவிட்டவன் திரும்ப வந்து, மாற்றிச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான். இவனை அதட்ட அந்த மலையில் யார் இருக்கிறார்கள்? மற்ற நாலு பேரும் தூங்குகிறார்கள். கழுதையும் தூங்குகிறது. விழித்திருப்பது அண்ணாச்சி ஒருவர்தான்.

பனி மெல்ல ஏறி வந்தது. அவர் எவ்வளவு நேரம் அங்கே நின்றாரோ, தெரியாது.

“அண்ணாச்சி.”

நிமிர்ந்தார். டீச்சர் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவர் கையில் பேனா இல்லை, பிழை சுரண்டுகிற பிளேடு இருந்தது. விரலெல்லாம் கறுப்புப் பொடி.

டீச்சர் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நகம் அளவு பலூன் உள்ளங்கை அளவு ஆகியிருந்தது. பாறையைச் சுரண்டி, சுரண்டி, வெள்ளையாக்கி இடம் பிடித்திருந்தார் அண்ணாச்சி. அந்த இடத்தில் முத்து முத்தாய் எழுதியிருந்தது: ‘போயிட்டு வாறேன்.’

“மலையைக் காணோமே, அண்ணாச்சி?”

“இடம் பத்தல, டீச்சர்.”

“‘போறேன்’ தாராளமாக் கொள்ளுமே.”

“கொள்ளும்.”

“அப்புறம்?”

“கிளம்புதவன் மொட்டையா அப்படிச் சொல்லலாமா, டீச்சர்? நம்ம வீட்டுல யாராவது சொல்லுவோமா?”

“நம்ம வீட்டுல உள்ளவங்களுக்கு ஏதும் ஆயிரலாம். இவன்தான் சாகவே மாட்டானே.”

அண்ணாச்சி பிளேடை மேஜைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

“பதினெட்டாவது தடவை. எந்திரிச்சு வந்திருவான். உங்களுக்குத்தான் தெரியுமே?”

“தெரியும்.”

“தெரிஞ்ச மனுஷன் எதுக்கு மலையை அழிச்சீங்க?”

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. டீச்சர் கார்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். மை நன்றாகக் காய்ந்திருந்தது.

“இந்தாங்க, உங்க பதிலு. குடுத்துட்டு வாங்க.”

அண்ணாச்சி கார்டோடு வாசலுக்குப் போனார். தபால்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, கையை நீட்டினார். அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னைக்கு ஒண்ணும் இல்ல, தம்பி.”

“கையில வச்சிருக்கீங்களே?”

“இது தப்பா எழுதினது.”

சைக்கிள் போய்விட்டது. உள்ளே வந்து கார்டை நாலாகக் கிழித்தார். துறைமுகத்தில் இருந்த காலத்தில் எழுதின தாள் ஒன்றைக்கூடக் கிழித்தவர் இல்லை.

“டீச்சர், வேற கார்டு இருக்கா?”

“அலமாரியில கெடக்கும். எடுத்துக்கிடுங்க.”

அவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. மேஜையருகே நின்று பக்கத்தைக் குனிந்து பார்த்தார். சுரண்டின இடம் பனியோடு பனியாய்க் கலந்துபோய்க் கிடந்தது. கோரோ இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான்.

“டீச்சர்.”

“ம்.”

“வந்திருவான்லா?”

டீச்சர் ஜப்பான் பக்கத்தை எடுத்து, அவர் எழுதின பக்கத்துக்கு அருகில் வைத்தாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“மூலத்துல அவன் அப்படிச் சொல்லலையே, அண்ணாச்சி. நீங்கல்லா சொல்லியிருக்கீங்க.”