கயிற்றோடு பேசியவள்

கப்பலுக்குப் பாய் மட்டுமே துணையாக இருந்த காலம். கிரேக்கக் கடலோரத்தில் லித்தோரா என்று ஓர் ஊர். கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள்.

அந்த ஊருக்கு ராஜா கிடையாது. ஊரே மன்றத்தில் கூடிப் பேசும், குடத்தில் கூழாங்கல் போட்டு முடிவு செய்யும். வெள்ளைக் கல் சம்மதம், கறுப்புக் கல் மறுப்பு. அதில் அவர்களுக்கு மெத்தப் பெருமை. ஆனால் ஊர் என்றால் ஆண்கள்தான். பெண்கள் மன்றத்தின் படியை மிதிக்கக் கூடாது.

இன்னொரு சட்டமும் இருந்தது. பிறந்த பிள்ளையைத் தரையில் கிடத்துவார்கள். ஒன்பது நாளைக்குள் ஓர் ஆண் குனிந்து தூக்கினால் அது பிழைக்கும். யாரும் தூக்காவிட்டால் மருத்துவச்சி அதை மலையில் விட்டுவிட்டு வருவாள். எந்த ஆண் தரையிலிருந்து தூக்கினாலும், பிறர் கையிலிருந்து வாங்கினாலும் அவனே அப்பன். தெரியாமல் தூக்கினாலும் அப்பன்தான். அதனால் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் ஆண்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நுழைவார்கள்!

இயாந்தே என்ற இளம்பெண்ணுக்கு மகள் பிறந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோய் இரண்டு மாதம். தூக்க ஆள் இல்லை.

மாமனார் நிகாண்டரிடம் கேட்டாள். "பஞ்ச வருஷம் அம்மா, அதுவும் பெண் பிள்ளை," என்று அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கொழுந்தன் லைக்கோனிடம் கேட்டாள். "எனக்கே மூணு இருக்கு அண்ணி," என்று அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு மீன்காரனிடம் போனாள். கேட்பதற்கு முன்பே அவன் கைகள் பின்னால் போய்விட்டன.

ஒன்பதாம் நாள் விடிந்தது.

மன்றத்து வாசலில், ஆணியில் ஒரு கயிறு தொங்கும். சட்டத்தை மாற்றச் சொல்கிறவர் யாரானாலும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேச வேண்டும். ஊர் ஒப்பினால் கயிறு ஆணிக்குத் திரும்பும். ஒப்பாவிட்டால் அதிலேயே தூக்கு. நாற்பது வருஷமாக அதை யாரும் தொடவில்லை.

இயாந்தே தொட்டாள். எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பயத்தை வீட்டில் விட்டுவர முடியவில்லை. அதையும் கூட்டிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்தபடி உள்ளே போனாள்.

"பெண் இங்கே வரக் கூடாது!" என்று மன்றத் தலைவர் அதட்டினார்.

"கழுத்தில் கயிறு இருக்கிறது ஐயா, கயிறு மாட்டியவர் யாரானாலும் பேசலாம். பெற்றவளும் பிள்ளையைத் தூக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்."

மன்றம் கொல்லென்று சிரித்தது. கறுப்புக் கற்கள் கைகளில் குலுங்கின.

"தாராளமாகக் கறுப்பைப் போடுங்கள்," என்றாள். "ஆனால் கைப்பிள்ளையோடு தூக்கிலிட உங்கள் சட்டத்தில் இடமில்லை. நான் இவளைக் கீழே வைக்கப்போவதும் இல்லை. யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் இவளுக்கு அப்பன். பிறகு கயிற்றை இழுங்கள், இவள் பிழைத்தால் எனக்குப் போதும்."

சிரிப்பு நின்றது.

"மருத்துவச்சியைக் கூப்பிடுங்களப்பா, பிள்ளையை அவள் வாங்கட்டும்!" என்று ஒரு குரல்.

"அவளும் கயிற்றோடுதான் வர வேண்டும்," என்றாள் இயாந்தே. "வந்தால் என் பக்கம்தான் பேசுவாள்."

முன்வரிசையைப் பார்த்து, "நீங்கள் வாங்குகிறீர்களா?" என்று கேட்டாள். கைகள் பின்னால் போயின. நடுவரிசையைக் கேட்டாள். கைகள் பின்னால் போயின. கடைசி வரிசையைக் கேட்டாள். அங்கேயும் அப்படித்தான்.

"கையைக் கட்டிக்கொண்டு எப்படி ஐயா கல் போடுவீர்கள்?" என்றாள்.

பிள்ளை பசியில் சிணுங்கியது. அப்போது கடைசி வரிசையிலிருந்து நிகாண்டர் எழுந்து வந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் கை மெல்ல முன்னால் வந்தது. அதில் ஒரு வெள்ளைக் கல். குடத்தில் அது விழுந்த சத்தம் மன்றம் முழுக்கக் கேட்டது. அடுத்தது லைக்கோனின் கல். பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. கறுப்பும் கொஞ்சம் விழத்தான் செய்தது, வெள்ளையே மிஞ்சியது.

இயாந்தே மகளைத் தரையில் கிடத்தினாள். குனிந்தாள். தானே தூக்கினாள்.

பிறகு கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "இதை அறுத்து எறியலாமே," என்றான் லைக்கோன்.

"இருக்கட்டும் தம்பி. அடுத்தவளுக்கு வேண்டியிருக்கும்."

அந்த மன்றத்தின் தூண்கள் விழுந்து வெகுகாலமாயிற்று. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பழக்கமும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது, கூடிப் பேசிச் சட்டத்தைத் திருத்தும் பழக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது.

பயம் போகட்டும் என்று காத்திருப்பவரால் அநியாயம் வளரும், பயத்தோடே எழுந்து போய்க் கேட்பவரால் நியாயம் பிழைக்கும்.