தோற்றவன் தோணி ஏற வேண்டும்

தூத்துக்குடி அல்போன்ஸ் மிராந்தாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஊரெல்லாம் பழைய இரும்புக்குப் போட்ட பின்பால் மெஷின்களை, அதாவது இரும்புக் குண்டை இழுத்து அடித்து, உள்ளே விழாமல் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு மெஷின்களை, தேடிப் பிடித்து, தன் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார் மனுஷன். எல்லாம் கம்ப்யூட்டருக்கு முந்தைய சரக்கு. உள்ளே காந்தச் சுருளும் மணியும் எண் அச்சடித்த சக்கரங்களும்தான். கரண்ட் போனால் சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும், வருஷக் கணக்கானாலும் அசையாது. இதை மனதில் வையுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

அவர் ஆசைப்பட்டும் கைக்கு வராத மெஷின் ஒன்று ஜெசிந்தா வீட்டில் இருந்தது. ஜெசிந்தாவின் கணவர் கபிரியேலும் அல்போன்சும் வாலிபத்தில் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர்கள். கபிரியேல் வயதில் மூத்தவர், துறைமுகத்தருகே ஒரு விளையாட்டுக் கடையும் வைத்திருந்தார். தோணிக்கு ஓர் ஆள் போதும் என்றால், யார் போவது என்று முடிவு செய்ய இருவரும் கடையிலிருந்த அந்த மெஷினில் மோதுவார்கள். ஆளுக்கு ஐந்து குண்டு, முதலில் அல்போன்ஸ், அடுத்து கபிரியேல் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். தோற்றவர் தோணி ஏற வேண்டும். கபிரியேலுக்கு ஒரு பழக்கம்: தன் குண்டு ஒவ்வொன்றும் முடிந்ததும் மெஷின் ஓரத்து இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிடுவார், புது ஆட்டம் தொடங்கும்போது பழையதை உருவிவிடுவார்.

கடைசியாக அவர்கள் மோதியபோது அல்போன்சின் மனைவி நிறைமாதம். அல்போன்சின் ஐந்தாவது குண்டும் ஆடி முடிந்து உள்ளே விழுந்த நேரம் வீட்டிலிருந்து ஆள் வர, பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வந்த ஆளோடு அவர் பேசி முடிப்பதற்குள் பாழாய்ப்போன கரண்டும் போக வேண்டுமா! கொஞ்சம் கழித்துக் கபிரியேல் இருட்டிலேயே மெஷின் சுவிட்சை அணைத்து, கடையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"தோத்துட்டேம்லே. நாளைக்கு நான் போறேன். நீ பொண்டாட்டியப் பாரு."

தோணி போனது, திரும்பி வரவில்லை. மெஷினில் இரண்டு எண்கள் மட்டும் நின்றன: அல்போன்சுக்கு 2840, கபிரியேலுக்கு 2790. ஜெசிந்தா மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, கரண்டே கொடுக்காமல் போர்த்தி வைத்தார். ஐம்பது புள்ளியில் போய்விட்டாரே என்று அந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டினார்.

வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கி, மாற்றப் பணம் தேவைப்பட்ட பிறகுதான் ஜெசிந்தா மனம் இளகி மெஷினை அல்போன்சுக்கு விற்க ஒப்பினார்.

"கொண்டு போ தம்பி. ஆனா நம்பர் மாறப்பிடாது."

"மாதா மேல சத்தியம் மைனி, மாறாது."

கிட்டங்கியில் மெக்கானிக் நயினார் மெஷினைத் துடைத்தார். ஜெசிந்தாவும் கூடவே நின்றார். இடுக்கில் நான்கு தீக்குச்சிகள் இருந்தன.

"தூரப் போட்டுரவா?" என்று கேட்டார் நயினார்.

"அவரு கை வச்சது. இருக்கட்டும்" என்றார் ஜெசிந்தா.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால்தான் எண் அழியும், கரண்ட் மட்டும் கொடுத்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான் என்று நயினார் விளக்கினார். எரியட்டுமே, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஜெசிந்தாவும் தலையாட்டினார்.

சுவிட்சைப் போட்டதும் மெஷின் முழுக்க வெளிச்சம். எண்கள் அசையவில்லை. அல்போன்ஸ் மூச்சு விட்டார். அதே நொடியில் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். ஒரு குண்டு துள்ளி வந்து, அடிப்பதற்குத் தயாராக நின்றது. கண்ணாடியில் இரண்டு விளக்குகள் எரிந்தன: இரண்டாவது ஆட்டக்காரர், ஐந்தாவது குண்டு.

அல்போன்ஸ் குனிந்து அந்த விளக்குகளை விரலால் தொட்டுப் பார்த்தார். இத்தனை மெஷின்களோடு குடும்பம் நடத்தியவருக்கு அதன் அர்த்தம் தெரியாதா? மெஷினை விட்டு ஓர் அடி பின்வாங்கினார்.

"என்ன தம்பி? என்னன்னு சொல்லு!"

நயினார்தான் மெல்லச் சொன்னார். "ஆட்டம் முடியலைம்மா. கபிரியேல் அண்ணாச்சிக்கு ஒரு குண்டு பாக்கி இருக்கு."

ஜெசிந்தா அல்போன்சின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"அப்ப அவரு தோக்கவே இல்லையா? பாதி ஆட்டத்துல எம் புருஷனக் கடலுக்கு அனுப்பிட்டியே, பாவி!"

"எனக்குத் தெரியாது மைனி! தோத்துட்டேன்னு அவருதான் சொன்னாரு!"

சொல்லுங்கள். அந்தத் தோணியில் கபிரியேலை ஏற்றிவிட்டது யார்? திரும்பிப் போய் மெஷினைப் பார்க்காத அல்போன்சா? நேரங்கெட்ட நேரத்தில் போன கரண்டா? வேறு யாராவதா?

விடை: தீக்குச்சிகளை எண்ணியவர்களுக்குத் தெரிந்திருக்கும். செருகியவர் கபிரியேல், செருகியது நான்கு. ஒரு குண்டு பாக்கி என்பது அவருக்குத் தெரியும். ஐம்பது புள்ளி அவருக்கு ஒரு பொருட்டா? கரண்ட் வரும்வரை காத்திருந்து அந்தக் குண்டையும் அடித்து ஜெயித்திருந்தால் அல்போன்ஸ் போயிருப்பார், நிறைமாதக்காரி தனியாகக் கிடந்திருப்பாள். அதனால் தோற்காமலே தோற்றேன் என்றார். அவரை யாரும் ஏற்றிவிடவில்லை, அவரே ஏறிக்கொண்டார். ஜெசிந்தாவும் அந்த இடுக்கைத்தான் பார்த்தார். பிடித்த சட்டையை விட்டார். எண் மாறக் கூடாது என்றவரே குண்டை இழுத்து அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குண்டு ஓரிடத்தில் முட்டி மணியடித்தது, 2790 போய் 2800 வந்தது, தடுக்க ஆளில்லாமல் குண்டு உள்ளே விழுந்தது. நயினாரிடம் ஒரு தீக்குச்சி வாங்கி மற்ற நான்கின் பக்கத்தில் செருகினார் ஜெசிந்தா.

"அவரு தோக்கணும்னு நெனச்சாரு. தோத்ததாவே இருக்கட்டும்."